புழு தொடாத கத்திரிக்காய்

குப்பாயியின் கை ராசியான கை என்று கரடியூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கை ஒரு வருஷம் என்ன செய்தது என்று அவளே வாயால் சொன்ன பிறகும் அப்படித்தான் சொன்னார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு வேறு கிடையாது.

மலையிலேயே பிறந்து மலையிலேயே வாக்கப்பட்டவள். துரைமார் மலையை அளந்து காப்பி போட்டது போக மிஞ்சிய சரிவில் அவள் புருஷன் பொன்னுவேலுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் சாமையும் கேழ்வரகும் போட்டார்கள். வேலியோரம் கொஞ்சம் கத்திரி. மற்ற நாட்களில் குப்பாயி எஸ்டேட் நாற்றுப் பண்ணைக்குப் போய் ஆரஞ்சுக்கு ஒட்டுக் கட்டுவாள். நாரத்தைக் கன்றின் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, அதற்குள் ஆரஞ்சுக் குச்சியைச் செருகி, வாழைநாரால் சுற்றிக் கட்டுகிற வேலை. அந்த வரிசையில் உட்கார்ந்த பெண்களில் அவள் கட்டியது மட்டும் ஒன்றுகூடக் கருகாது. பண்ணை ரைட்டர் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார், தானே கட்டியது போல.

அந்த மலை மண்ணில் கத்திரிக்கு ஒரு சாபக்கேடு உண்டு. காலையில் நிமிர்ந்து நிற்கிற செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போடும், மறுநாள் செத்துக் கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். ஊரில் ஒருத்தருக்கும் கத்திரி முழுசாகக் கைக்கு வந்ததில்லை. அதே மண்ணில் காட்டுச் சுண்டை மட்டும் யாரும் தண்ணீர் விடாமலே ஆள் உயரம் வளர்ந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் குப்பாயிக்கு ஒரு நாள் யோசனை வந்தது. சுண்டை நாற்றின் மேல் கத்திரிக் கொழுந்தைச் செருகி, நார் சுற்றி, ஈரச் சாக்கு போட்ட கூடையால் மூடி வைத்தாள். பொன்னுவேல் சிரித்தான். ஒட்டுப் பிடித்ததும் சிரிப்பை நிறுத்தினான். அந்த வருஷம் அவர்கள் வேலியோரத்தில் ஒரு செடி கூடச் சாகவில்லை. அடுத்த வருஷம் ஊரில் பாதிப் பேர் நாற்றுக்கு அவள் வாசலில் வந்து நின்றார்கள். அவளும் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுத்தாள்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அவளுக்கு ஒரே மகள், பாவாயி. குப்பனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்து வருஷங்கள் ஓடிவிட்டன, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார்க்காரி வேறு பெண் பார்க்கத் தொடங்கிய சமயம், ஒரு தை மாசத்தில், பாவாயி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. குப்பாயி நேராக அம்மன் கோயிலுக்கு ஓடினாள். "இது தங்கிட்டா வைகாசி நோம்பிக்கு உம் பானைக்கு ஒரு கூடை புதுக்காய் கொண்டாறன் தாயே, என் கையில கட்டுன செடியில" என்று வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் வாயில் சுலபமாக வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினால், சுண்டை நாற்றங்காலைக் காட்டுப்பன்றி உழுதுபோட்டிருந்தது. சுண்டை விதை முளைக்கவே மாசக்கணக்காகும், அப்புறம் தண்டு பருக்க வேண்டும். வைகாசிக்குள் காய் காணவே முடியாது. குப்பாயி நாற்றங்கால் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மனிடம் சொன்ன சொல் தவறினால் அது யார் மேல் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் குப்பைமேட்டோரம் நின்ற ஊமத்தை அவள் கண்ணில் பட்டது. இளங்கன்றுகள், பச்சைத் தண்டு, சுண்டைக்குச் சமமான பருமன், நூற்றுக்கணக்கில் முளைத்துக் கிடந்தன. எந்த வாடலும் அதை அண்டியதில்லை.

ஊமத்தை என்ன செய்யும் என்பது மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் பண்ணையில் பல வருஷம் கட்டிய ஆரஞ்சை நினைத்துப் பார்த்தாள். கீழே நாரத்தை வேர், வாயில் வைக்க முடியாத கசப்பு. மேலே ஆரஞ்சு, தேன். சுண்டை வேரில் காய்த்த கத்திரி கசந்ததா? இல்லை. வேர் என்ன கொடுக்கும், தண்ணீரைத்தான் கொடுக்கும். காய் மேலே இருக்கிற செடியின் காய். இப்படித் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு கத்தியை எடுத்தாள். நியாயம் அவ்வளவு சரியென்றால் புருஷனிடம் மறைத்திருக்க வேண்டியதில்லை. அவன் கேட்டபோது, "சுண்டைதானுங்க, மிச்சம் கொஞ்சம் பொழச்சுது" என்றாள்.

செடிகள் வெறி பிடித்த மாதிரி வளர்ந்தன. இலை ஒவ்வொன்றும் கை அகலம். பூத்தது, பிஞ்சு விட்டது, ஒரு காயிலும் சொத்தை இல்லை. கத்திரி என்று ஒன்று இருந்தால் அதில் புழு என்று ஒன்று இருக்கும், அதுதான் உலக வழக்கம். இவள் காயில் ஒரு ஊசித் துளை இல்லை. ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் வந்து காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புழுவே இல்லியே ஆயா. நீ மருந்து கிருந்து அடிச்சியா?"

"இல்லீங்க."

"அப்பறமென்ன, அம்மனே காவல் இருக்கறா." அவர் சந்தோஷமாகப் போனார். புழு ஏன் தொடவில்லை என்ற யோசனையில் அன்று ராத்திரி குப்பாயிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பக்கக் கொழுந்தைக் கிள்ளி ஆட்டுக்குப் போட்டிருந்தாள். மத்தியானம் பார்த்தால் ஆடு பட்டிக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கண் முழுக்கக் கருமணியாக இருந்தது. தண்ணீர்ச் சட்டியைக் காட்டினால் அதற்குத் தெரியவில்லை. "மேட்டுப் பக்கம் போயி ஊமத்தையக் கடிச்சிருக்கும், வேறென்ன" என்றான் பொன்னுவேல். ஆடு பிழைத்துக்கொண்டது. அவளும் அதையே நம்ப முடிவு செய்தாள்.

பாவாயி ஏழாம் மாசம் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. வைகாசித் திருவிழாவான நோம்பிக்கு முந்தின நாள் சாயங்காலம் பொன்னுவேல் புதுக்காயைப் பறித்து, கூடை நிறைய, தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த ஊர் முறை இதுதான்: புதுக்காய் அம்மன் பானைக்குப் போகும் வரை விளைந்த வீட்டார் அதை வாயில் வைக்கக் கூடாது. நாக்கில் பட்டால் எச்சில். பானையில் வெந்து படைத்த பிறகு முதல் இலை ஊரில் வயிற்றுப் பிள்ளைக்காரி எவளோ அவளுக்கு. அதற்குப் பிறகுதான் ஊர் சாப்பிடும். ஆகவே அந்தக் காயை மனித வாய் ஒன்றுகூட இதுவரை தொட்டிருக்கவில்லை.

நோம்பி அன்று காலையில் ஆடு மறுபடியும் அப்படியே நின்றது. அதே கண், அதே தள்ளாட்டம். அது இரண்டு நாளாகக் கட்டை விட்டு அவிழவே இல்லை. அதற்கு விழுந்ததெல்லாம் குப்பாயி கிள்ளிப் போட்ட கத்திரிக் கொழுந்துதான்.

பொன்னுவேலும் பாவாயியும் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். குப்பாயி பட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மனுக்கு நேர்ந்ததை விஷம் என்று எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னால் ஊமத்தையில் கட்டினதையும் சொல்ல வேண்டும். ஒருவேளை கொழுந்தில் மட்டும் இருக்கலாம், காயில் இல்லாமல் இருக்கலாம். நிச்சயம் தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது? செடியில் மிஞ்சிய காய்களைப் பறித்து அடுப்பில் சுட்டு, தோலுரித்து, முறை தப்பு என்று தெரிந்தே தின்றாள். கசக்கவில்லை. நல்ல ருசியாக இருந்தது. அந்த ருசியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அப்படி ஒரு நிம்மதி.

கோயில் ஒரு குன்று தாண்டி இருக்கிறது. பாதி வழியில் அவளுக்கு நா வறண்டது. வெயில்தான் என்று நினைத்தாள். ஊற்றில் குனிந்து தண்ணீர் குடித்தாள், தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்தது. நிமிர்ந்தபோது காப்பிச் செடிகள் எல்லாம் தூரத்திலும் கிட்டத்திலும் மாறி மாறி நின்றன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் ஓடத் தொடங்கினாள்.

கோயில் வாசலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூந்தல் அவிழ்ந்து, முகம் ரத்தமாகச் சிவந்து, கண் இரண்டும் கருமணியாக விரிந்து, தள்ளாடிக்கொண்டு ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து விழுந்தால் அந்த ஊர் என்ன நினைக்கும்? பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

"வந்துட்டா, அம்மன் வந்துட்டா" என்று பூசாரி சின்னன் அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினான். எத்தனையோ வருஷமாக அந்தக் கோயிலில் யார் மேலும் சாமி வந்ததில்லை.

தின்னாதீங்க என்று குப்பாயி சொன்னாள். சொன்னதாக அவள் நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வெறும் உறுமல்தான் வெளியே வந்தது.

பெரியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். "குத்தங்குறை இருந்தாச் சொல்லு ஆத்தா. நாங்க அறியாத சனங்க."

அவள் பானையைக் காட்டினாள்.

"பானையக் கேக்கறா. எடுத்தாங்க சாமி, சீக்கரம் எடுத்தாங்க" என்றார் பெரியண்ணன்.

பானை வந்தது. இலை விரித்தார்கள். முதல் இலைக்கு முன்னால் பாவாயியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். குப்பாயிக்கு மகள் முகம் தெரியவில்லை, தண்ணீருக்குள் இருப்பது போல ஏதோ அசைந்தது. ஆனால் சேலையின் நிறம் தெரிந்தது. அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். பாய்ந்து இலையில் கையை விட்டு, கத்திரித் துண்டுகளை அள்ளிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். அதை எங்காவது தூர எறிய வேண்டும் என்பது மட்டும்தான் அவள் புத்தியில் மிச்சமிருந்தது.

"அம்மனே ஊட்டறா கண்ணு, வாயத் தொற" என்றான் சின்னன். அவன் கெட்டவன் இல்லை. குப்பாயியின் இறுகிய கையை இரண்டு கைகளாலும் பக்தியோடு பிடித்து, மெதுவாக மகளின் வாய்ப்பக்கம் கொண்டுபோனான். பாவாயி கண்ணை மூடிக் கும்பிட்டாள். அம்மா மேல் சாமி வந்து தனக்கு ஊட்டுகிறது என்றால் இனி என்ன பயம். அவள் வாயைத் திறந்தாள்.

பிறகு ஊரே சாப்பிட்டது.

மத்தியானத்துக்குள் சிரிப்பவர்கள் சிரித்தார்கள், காற்றில் பூப் பறிப்பவர்கள் பறித்தார்கள், பம்பைக்காரன் தன் பம்பையோடு பேசிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் எல்லோரும் தெளிந்து எழுந்தார்கள். ஒருவரும் சாகவில்லை என்று ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். பாவாயியின் வயிற்றில் இருந்ததை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

குப்பாயி நாக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னாள். "ஊமத்தை வேருல கட்டுனனுங்க கவுண்டரே. எம் பொண்ணுக்கு நானே வெசம் வெச்சுட்டனுங்க." அது அவர் காதில் ஏறவே இல்லை. "அம்மன் வந்த ஒடம்பு, அசதியில பேசறே ஆயா. நாஞ் சொல்றதக் கேளு. உம் வாயில படாத காயி எனக்கு வேண்டாம்னு அவ சொல்லிட்டா. உன்னத் தின்ன வெச்சுத்தான வந்தா? இனிமே மொறைய மாத்திக்கறோம்."

மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வைகாசியிலிருந்து எந்த வீட்டுப் புதுக்காய் ஆனாலும் முதல் வாய் குப்பாயிக்கு. அவள் ஊமத்தையை வேரோடு பிடுங்கிக் கொளுத்தியிருந்தாள், கத்தியை ஊற்றுக்குள் எறிந்திருந்தாள். அதெல்லாம் யாருக்கும் முக்கியமில்லை. கோயில் வாசலில் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு துண்டு கொடுப்பார்கள். அவள் மென்று விழுங்குவாள். ஊர் முழுக்கச் சத்தமில்லாமல் நின்று அவள் கண்ணையே பார்க்கும், கருமணி விரிகிறதா என்று. அவர்கள் சாமி வருமா என்று பார்த்தார்கள். கருமணி விரிந்தால் அது சாமி இல்லை, விஷம் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஒன்றும் ஆகாவிட்டால் இலை போடச் சொல்வார்கள்.

முதல் இலையில் வேறு யாரோ வயிற்றுப் பிள்ளைக்காரி உட்காருவாள். பாவாயியைப் புருஷன் வீட்டார் திரும்ப அழைக்கவில்லை. அவள் தாயோடுதான் இருந்தாள், கோயிலுக்கும் வருவாள். அந்த வீட்டில் தாயும் மகளும் தனித்தனியே உலை வைத்தார்கள். கோயிலில் ஊர் உட்கார்ந்து சாப்பிடும்போது பாவாயி கடைசி வரிசையில் இருப்பாள். அம்மா தின்று காட்டிய பிறகும், ஒரு வருஷம் கூட, அவள் தன் இலையைத் தொட்டதில்லை.