நாகவல்லியின் வலது கோடி

நாகவல்லி சென்னைப் பாடியில் உள்ள எங்கள் ஸ்பிரிங் கடைக்கு 9.6.2003 அன்று பெருக்க வந்தார். சிதறிக் கிடந்த ஸ்பிரிங்குகளை அதனதன் பெட்டியில் போடப்போட, நான்கே வருடத்தில் ஸ்டோர் அவர் கைக்கு வந்துவிட்டது.

சுவரில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பெட்டி. வலப்பக்கம் போகப்போக ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். கீழே இறங்க இறங்கவும் கூடும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய ஸ்பிரிங்குக்கு விறைப்பு ஒத்துவந்தால் போதும். நாகவல்லி அதையும் பெட்டியிலுள்ளதையும் முனையோடு முனை வைத்து உள்ளங்கைகளால் அழுத்துவார். அதிகம் சுருங்குவது இளகல்.

எப்போதும் மேல் வரிசையின் வலது கோடியில்தான் தொடங்குவார். மின்விசிறியும் அங்கேதான் இருந்தது. வம்பு அதனால் வந்தது.

"இன்னா நாகவல்லி, வெள்ளிக்கெழம பொட்டு வெக்கிற மொத பொட்டி இடது பக்கம் கீது. நீ காத்து வாங்கிக்கினு அந்தாண்ட குந்திகினுகீற?" என்றார் முதலாளி ஹேமநாதன். தன் மைத்துனன் கிரணை ஸ்டோரில் உட்காரவைத்து, நாகவல்லியைப் பேக்கிங்குக்கு அனுப்ப அவருக்கு ஆசை. பேக்கிங் என்றால் தகரக் கொட்டகை. நாள் முழுக்க நின்றபடி வேலை.

"ஒரே ஸ்பிரிங்க ரெண்டு பேரும் தேடுறோம் மொதலாளி. தோத்தா நானே போறேன். தம்பி பொட்டு வெச்ச பொட்டிலருந்தே ஆரம்பிக்கட்டும்."

18.11.2024, காலை 11.10. யார் எத்தனை முறை அழுத்துகிறார் என்று எண்ணுவது கடையில் கணக்கு எழுதும் என் பொறுப்பு.

முதல் பெட்டியிலிருந்தது இளகல். வலப்பக்கமும் விறைப்பு, கீழேயும் விறைப்பு, எங்கே போவது? கிரண் வரிசையாக அழுத்திக்கொண்டே போனான். நாற்பத்தோராவதில் வலி தாங்காமல் கையை உதறி நிறுத்திக்கொண்டான்.

"இன்னா தம்பி, ஊதி உடட்டா?" என்றார் நாகவல்லி.

பிறகு வலது கோடிக்குப் போனார். பெட்டியிலிருப்பது விறைப்பு என்றால், அதற்குக் கீழே உள்ளவை இன்னும் விறைப்பு. அந்தப் பத்தியையே விட்டு இடப்பக்கம் நகர்ந்தார். இளகல் என்றால், அதற்கு இடப்பக்கம் உள்ளவை இன்னும் இளகல். அந்த வரிசையை விட்டுக் கீழே இறங்கினார். பதினைந்தாவது அழுத்தலில், ஒன்பதாம் வரிசை ஆறாம் பெட்டியில், இரண்டும் சமமாகச் சுருங்கின.

முதலாளி தானும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"காத்து பட்டா கை நல்லாத்தான் ஓடும்" என்றார்.

"ஃபேன நிறுத்திட்டு இன்னொரு தபா தேடட்டா மொதலாளி?"

முதலாளி கிரண் பக்கம் திரும்பினார். "டேய், நீ பேக்கிங்குக்குப் போ."

"அங்க எதையும் அமுக்கத் தேவையில்லையே மாமா?" என்று கேட்டான் கிரண். இல்லை என்றதும், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக நடந்தான்.