காட்டுநாய்களின் பந்தி

2001-ல் அமெரிக்காவில், சான்டா கிளாராவில் நானும் என் கல்லூரி நண்பனும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஒருநாள் அவன் சமையல், மறுநாள் என் சமையல் என்று முறை வைத்திருந்தோம். மார்ச் மாதம் அவனுக்கு வேலை போனது. வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், தினமும் நானே சமைக்கிறேன் என்றான். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பகல் பொழுதைத் தள்ள, நூலகத்திலிருந்து ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பற்றிய வீடியோ கேசட் ஒன்றை எடுத்து வந்தான். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் தவணையை நீட்டிக்கொண்டே இருந்தான். நான் ஆபீஸிலிருந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் அதையே ஓடவிடுவான். பெரிய வட்டக் காதுகள். உடம்பெல்லாம் கறுப்பு, மஞ்சள், வெள்ளைத் திட்டுகள். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காதாம். வேட்டைக்குக் கிளம்பும்முன் ஒன்றையொன்று உரசிக்கொண்டு குருவிகள் மாதிரி கீச்சிடும். இரை களைத்துப்போகும்வரை விடாமல் ஓடும். பிடித்த பிறகு குட்டிகளுக்குத்தான் முதல் பந்தி, பெரியவை ஒதுங்கி நிற்கும். குட்டிகளுக்குக் காவலாக வளையிலேயே தங்கிவிட்ட நாயும், கால் ஊனமாகி ஓட முடியாத நாயும் பட்டினி கிடப்பதில்லை. வேட்டைக்குப் போய் வந்தவற்றின் வாயோரத்தை முட்டினால் போதும், விழுங்கி வந்த கறியைக் கக்கிக் கொடுத்துவிடும்.

"சாப்பிடற நேரத்துல இதைத்தான் போடணுமா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவன் டிவியை அணைத்துவிட்டு எனக்கு ரசம் ஊற்றினான்.

என் எரிச்சலுக்குக் காரணம் கக்கிய கறி இல்லை. அவனுடைய ரெஸ்யூமே என் காரில் கிடந்தது.

ஒரு பக்கம் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த என் ஆபீஸில், அவன் செய்துவந்த அதே வேலைக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது. ரெஸ்யூமேயைத் தடித்த தாளில் அச்சடித்து, மேனேஜர் கையில் நேராகக் கொடு என்று என்னிடம் தந்திருந்தான். வேறு கம்பெனி வேலை கொடுத்து அவன் விசாவை ஏற்காவிட்டால் அவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது, வேலை போனால் அதுவும் போய்விடும். மேனேஜர் முன்னால் போய் நின்றால் என் முகம் அவர் ஞாபகத்துக்கு வந்து, அடுத்த பட்டியலில் என் பெயரும் ஏறிவிடும் என்று பயந்தேன். என் மூளை அவ்வளவுதான். காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள் ரெஸ்யூமேயை மடித்துப் போட்டு மூடினேன்.

"குடுத்துட்டேன்டா, இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன். தினமும் சாயங்காலம் ஒரு தடவை கேட்பான், நான் அதையே சொல்வேன். பிறகு சாதம் போடுவான். இரண்டு மாதம் இப்படியே போனது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஊருக்குத் திரும்பக் கிளம்பிய அவனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். ஃப்ரீவேயில் போகும்போது அவனுக்குத் தும்மல் வந்தது. டிஷ்யூ தேடி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தான். நான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்தது. ரெஸ்யூமேயை எடுத்தான். பிரித்துப் பார்த்தான். பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தான். ஒரு டிஷ்யூவை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கி வைத்த பிறகுதான் பேசினான். "கேசட்டை மறக்காம லைப்ரரில ரிட்டர்ன் பண்ணிடு. ஃப்ரிட்ஜ்ல சாம்பார் வச்சிருக்கேன், ரெண்டு நாளைக்கு வரும். சூடு பண்ணிச் சாப்பிடு."

அந்த வருடம் என் வேலை போகவில்லை. அன்றைக்கு வீடு திரும்பியதும் எனக்குப் பசித்தது. சாம்பாரை எடுத்துச் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். இரண்டு நாளும் சாப்பிட்டேன்.