வெயிலில் வைத்த பெரணி

பெரணிச் செடி விற்பதில் ஒரு சங்கடம்: சட்டி கைமாறிய பிறகும் அது நம்மை விடாது. வீட்டுக்குள் பெரணி வைத்து, நுனி கருகியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அன்பர்களே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். இப்போது இல்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

குழித்துறையில் என் அக்கா பெரணி வளர்த்து விற்கிறாள். நான் தண்ணீர் தெளிக்கிறேன். மிச்ச நேரம் ஊரில் உள்ள எல்லோர் குரலிலும் பேசுகிறேன். சுதந்திரம் வந்த மறு வருஷம், அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார் தங்கையன் சாரின் மனைவி சொர்ணம் மாமி நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது, எங்களிடம் வாங்கிய பெரணியைச் சாருக்குக் காட்டி, "நான் வரும்போ இது பச்சையா நிக்கணும், கேட்டியளா" என்றாள். சார் அதுவரை ஒரு செடிக்கும் தண்ணீர் விட்டவரல்ல.

சொறி

ஒருநாள் சார் இலையைத் திருப்பியிருக்கிறார். அடியில் வரிசையாகத் தவிட்டுநிறப் பொட்டுகள். சொறி என்று முடிவுகட்டி, ரேஷன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மூன்று இலையைத் துடைத்துவிட்டார். அது நோயில்லை, அதிலிருந்துதான் குட்டிப் பெரணி முளைக்கும் என்று அக்கா சொன்னாள்.

"பூக்காம காய்க்காம பிள்ளை பெறுமா? கணக்கு உதைக்குதே பிள்ளே!" என்றார்.

மதிலுக்கு இந்தப் பக்கம்

துடைத்த இலைகள் கருகின. வெயில் காட்டினால் தேறும் என்று சட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் குனிந்து, மாமியின் குரலில், "வெயில்ல வச்சா கரிஞ்சிரும், உள்ள எடுங்க, கேட்டியளா!" என்றேன். மிரண்டு ஓடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். ஓடவில்லை. சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டேன் சொர்ணம்."

பேச்சில்லாத நாள்

மறுநாளும் சட்டி வெயிலுக்கு வந்தது. நானும் குரல் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் இப்படி. எத்தனை சொல்லியும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அக்கா, மாமிக்கு இப்போது பேச்சு எழவில்லை, கைஜாடைதான் என்றாள். அன்று எனக்கு அந்தக் குரல் வரவில்லை. வெயில் ஏறியது. செடியில் புதிதாக வந்த சுருள் குருத்து விரியாமலே தொங்கியது. சார் மதிலோரம் வந்து, எட்டிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏட்டி மக்களே, இன்னைக்கு மாமி ஏன் பேசல்ல? பெரணி வாடுது பாரு."

பன்னிரண்டு நாள் அவரை ஏமாற்றியதாக நம்பியிருந்த நான், தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள எடுங்க, கேட்டியளா" என்றேன். சிரிக்க நினைத்தவர்கள் இப்போது சிரிக்கலாம்.