நிறுத்தத்தில் நிற்கும் திருடன்

அக்கா வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டினார். வலது கண்ணில் பார்வை போனதும் பணிமனையில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேதான் மெக்கானிக். வம்பை விலைக்கு வாங்குவதே எனக்கு வேலை என்பாள் அக்கா. பொய்யில்லை.

வீட்டில் சும்மா கிடந்த மனிதர் மகளின் வீடியோ கேமைக் கையில் எடுத்தார். அதற்குள் ஒரு நகரமே இருக்கிறது. வண்டி திருடலாம், எவனையும் சுடலாம், போலீஸுக்குத் தண்ணி காட்டலாம். மாமா என்ன செய்தார் தெரியுமா? ஒரு பேருந்தைத் திருடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினார். சிவப்பு விளக்கா, காத்திருந்தார். குறுக்கே ஆள் வந்தால் பிரேக். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடிச்சுத் தூக்குங்க மாமா, கேஸா போடப்போறாங்க?" என்பேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதம் பார்த்தேன், வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. அங்கேதான் என் புத்தி கெட்டது. இவரையா தகுதியில்லை என்றார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரிடம் மல்லுக்கு நின்றேன். பணிமனைக்குள்ளேயே, கழுவுமிடத்துக்கு வண்டிகளை நகர்த்தும் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஓட்டிக் காட்டட்டும், பார்க்கலாம் என்றார் அவர். மறுபடி ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும் என்று மாமா சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

பழைய சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார். வண்டியை வளைத்து ஓட்டிக் காட்ட வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். முதல் கம்பம் சாய்ந்தது. அடுத்ததும் சாய்ந்தது. பின்னால் எடுத்தபோது சுவரில் இடித்தார். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் தூரம் இருக்குன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

பணிமனை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டிவில எல்லாமே தட்டைங்க, அதுக்கு ஒரு கண்ணே போதும். கம்பம் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு தெரிய ரெண்டு கண்ணும் வேணும்." வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. அந்த அவமானத்தை நானே கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனேன். மாமா விளையாடிக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பேருந்து வேகம் குறையவில்லை. நடைபாதையில் ஏறி அத்தனை பேரையும் அடித்துத் தள்ளியது. மகள் கைதட்டினாள்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொன்ன மாதிரியே ஓட்டுறேன் மாப்ள" என்றார்.