நெஸ்டர் பவ்லிக் வாங்கிய முட்டை வண்டி

என் தங்கை புருஷன் நெஸ்டர் பவ்லிக்கைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர் டாஃபினில் பாதிப் பேர் நல்ல மனுஷன் என்பார்கள். அந்தப் பாதிப் பேர் அவனிடம் எந்த வேலையும் கொடுத்துப் பார்க்காதவர்கள்.

டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் முப்பத்திரண்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். விவசாயி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள், "உனக்கு வேண்டியது அது இல்லப்பா" என்று ஆரம்பிப்பான். எந்த நட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். அதைக் கழற்றி மாட்டத் தெரியுமா என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்ற பிறகு தேனீ வளர்த்தான். ஒரே கோடையில் அவை குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டன. எனக்கு அந்தத் தேனீக்கள் மேல் இன்றும் மரியாதை உண்டு. பிறகு ஒரு படகு கட்டினான். நாலு பலகை குறைவாக அது இன்னும் அவன் கராஜின் உத்தரத்தில் தொங்குகிறது.

பனி உருகிக்கொண்டிருந்த ஏப்ரலில் ஒருநாள் எத்தல்பர்ட் பக்கம் ஏதோ பண்ணையில், தானியக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த, காரில் கோத்து இழுத்துப் போய் உள்ளேயே படுத்துத் தங்குகிற ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தான். பதின்மூன்றடி நீளம், முட்டை மாதிரி உருண்ட ஃபைபர் கிளாஸ் உடம்பு. மேல் பாதி, கீழ்ப் பாதி என்று தனித்தனியே வார்த்து, இடுப்பில் பெல்ட் போட்ட மாதிரி சேர்த்திருப்பார்களே, அந்த ரகம். எழுபத்து நாலில் செய்தது. எங்கள் வயசுக்காரர்கள் எல்லோரும் சின்ன வயசில் யாராவது ஒரு சித்தப்பாவின் முட்டை வண்டியில் படுத்துத் தூங்கியவர்கள்தான். அதனால் தெருவே வந்து பார்த்தது. உள்ளே மூன்று தலைமுறை எலிகள் வாழ்ந்து மறைந்த வாசனை.

"ஜூலைல டானியா பிள்ளைங்களோட வர்றா. கிளியர் லேக் ஏரிக்கரைல ஒரு வாரம். இதுலதான் போறோம்" என்றான் நெஸ்டர்.

டானியா அவர்கள் மகள். ஒட்டாவாவில் இருக்கிறாள். ஆறு வயசிலும் நாலு வயசிலும் இரண்டு குழந்தைகள். என் தங்கை ஒரிசியா பேரக்குழந்தைகளைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் டிரெய்லரைச் சுற்றி வந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள், "அழகா இருக்கு" என்றாள். என் தங்கை அப்படித்தான். புருஷன் எதைக் கொண்டு வந்து போட்டாலும் அழகா இருக்கு. எனக்கு அவள் மேலும் கடுப்புதான்.

மே, ஜூன் முழுக்க வேலை நடந்தது. நியாயமாகச் சொல்கிறேன், அவன் சோம்பேறி இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், தேய்த்தான், தெருவெல்லாம் வெள்ளைத் தூள் பறந்தது. மேலே கிரீம் நிறம், கீழே இளம்பச்சை. ஜன்னல் ரப்பர் புதுசு. மேஜைக்குப் புது மைக்கா. ஒவ்வொரு சாயங்காலமும் போட்டோ எடுத்து முட்டை வண்டிக்காரர்கள் கூடும் ஏதோ இணையக் குழுவில் போடுவான். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர்கள் கை தட்டுவார்கள். ஒரிசியா மெத்தைக்கு உறை தைத்தாள், திரைச்சீலை தைத்தாள். போட்டோவில் அவை இருந்தன, அவள் இல்லை.

நான் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரிலும் காலையில் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி, அடியில் குனிந்து பார்க்காமல் சாவியைத் திருப்பியதில்லை. ஜூன் கடைசியில் ஒருநாள் அவன் கராஜுக்குப் போனபோது பழைய பழக்கத்தில் குனிந்தேன். காரோடு கோப்பதற்காக முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டம் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. பெஞ்சில் கிடந்த சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். டிங், டிங், டிங். உடம்புக்கு அடியில் சட்டம் வளைகிற இடத்தில் மட்டும் தொப் என்றது.

"நெஸ்டர், இங்க வா. இதைக் கேளு."

அவன் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கதவுக் கைப்பிடிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸையெல்லாம் விட்டு ரிட்டயர் ஆயிட்ட வெர்னா. சுத்தியலைக் கீழ வை, பெயின்ட் போயிடும்."

"சத்தம் சரியில்ல. துருப் பிடிச்சு உள்ள போயிருக்கு, இல்ல விரிசல்."

"இது முட்டை. முட்டைக்கு எலும்பு இருக்கா? ஓடே தாங்கும்."

"காரு இழுக்கப்போறது முட்டை ஓட்டையா? இரும்பைத்தானே?"

"எல்லாம் பார்த்தாச்சு" என்றான். சொல்லிவிட்டு இடது காதுக்குப் பின்னால் சொறிந்தான்.

வாசலில் ஒரிசியா திரைச்சீலையை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டதை வழக்கம்போல விழுங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

டானியா வருவதற்கு மூன்று நாள் இருந்தது. சர்ச் ஹாலில் பெரோகி விருந்து, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி. நெஸ்டர் ஒரு மேஜை நிறைய ஆட்களைப் பிடித்து உட்கார வைத்து, போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். எதிரே தட்டில் பெரோகி மேல் ஊற்றிய வெண்ணெய் உறைந்துகொண்டிருந்தது. ஒரிசியா சமையல்கட்டிலிருந்து ஏப்ரனோடு வந்து என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, உன் பிக்கப்ல வண்டி இழுக்கற கொக்கி இருக்கில்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"வண்டியை ஜோலீன்கிட்டக் கொண்டுபோய்க் காட்டணும். இப்பவே. இவன் இங்க ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான்."

ஜோலீன் ஷார்ட்ராண்ட் சிஃப்டன் போகிற வழியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள். சுற்று வட்டாரத்தில் உடையாத கலப்பையே இல்லை, அவள் ஒட்டாத கலப்பையும் இல்லை.

"அவன்தான் பார்த்தாச்சுன்னானே" என்றேன், அவள் வாயைக் கிளற.

"முப்பத்தெட்டு வருஷமா அந்த மூஞ்சியைப் பார்க்கறேன். பொய் சொல்றப்பத்தான் காதைச் சொறிவான். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் சொறிஞ்சான்."

என் தங்கை வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததை நான் என் காதால் கேட்டேன். உடனே சாவியை எடுத்தேன்.

கராஜிலிருந்து வண்டியைக் கோத்து, பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டினேன். நெடுஞ்சாலை வேண்டாம் என்று சரளைக் கல் ரோட்டில் போனேன். முப்பது கிலோமீட்டர் வேகம்தான். இரண்டு பக்கமும் கனோலாப் பயிர் கடுகு மாதிரி மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரிசியா திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு சின்னப் பள்ளம். பிக்கப் அதில் இறங்கி ஏறியது. பின்னால் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது.

இறங்கிப் பார்த்தோம். சட்டத்தின் இரண்டு இரும்புகளில் ஒன்று முழுசாக முறிந்திருந்தது, இன்னொன்று வளைந்து தொங்கியது. முட்டை மூக்கைச் சரளையில் குத்திக் குப்புற நின்றது. சங்கிலி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. இதே சட்டத்தை நம்பி, பத்தாம் நம்பர் நெடுஞ்சாலையில், மலை இறக்கத்தில், நூறு கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் காரில் இரண்டு குழந்தைகளை வைத்து ஓட்டியிருப்பான் நெஸ்டர்.

ஒரிசியா முறிந்த இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் தடவினாள்.

"அக்கா, இது என்ன, ரோஸ் கலர்ல?"

நானும் குனிந்தேன். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் ரோஜா நிறத்தில் மாவு மாதிரி. காரில் பள்ளம் விழுந்தால் டிங்கரிங் கடையில் அடைப்பார்களே, அந்தப் பட்டி. விரல் நீள விரிசல் முழுக்க அதைத் திணித்து, வழித்து, உப்புத்தாள் போட்டு, மேலே பெயின்ட் அடித்திருந்தான். வேலை சுத்தமாக இருந்தது. அவன் வாழ்க்கையில் முழுசாக முடித்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். முட்டாளோடு முப்பத்தெட்டு வருஷம் பழகியாகிவிட்டது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரிசியா போன் போட்டாள். "ரோட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள். கால் மணி நேரத்தில் யாருடைய காரிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். கன்னத்தில் வெண்ணெய். வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்ன ஓட்டு ஓட்டின நீ? பஸ்ஸுன்னு நெனச்சியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரிசியா முந்திக்கொண்டாள்.

"பட்டி வச்சது யாரு நெஸ்டர்?"

"எது?"

"இது." ரோஜா நிறம் ஒட்டிய விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஒரு வாரத்துக்குத்தானே... போயிட்டு வந்ததும் சரி பண்ணலாம்னு இருந்தேன். நாள் இல்ல ஒரிசியா. பெயின்ட் காயவே நாலு நாள் ஆச்சு."

அவள் எழுந்து நின்றாள். பிறகு கேட்ட கேள்வியை நான் ஒன்பது வருஷமாகக் கேட்க நினைத்து, இவளுக்காகவே கேட்காமல் விட்டிருந்தேன்.

"அம்மா வீட்டுப் படிக் கைப்பிடி. அதுவும் தெரிஞ்சேதானா?"

எங்கள் அம்மா வீட்டில் நிலவறைக்கு இறங்கும் படிக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்தவன் இவன். அம்மா ஊறுகாய்ப் பாட்டில் எடுக்க இறங்கினாள். கைப்பிடி கையோடு வந்தது. இடுப்பு முறிந்து, அதிலிருந்து எழுந்திருக்காமலே ஏழு மாசத்தில் போய்ச் சேர்ந்தாள். பழைய வீடு, சுவர் சரியில்லை என்றான் நெஸ்டர். சுவர் சரியில்லை என்று ஒரிசியாவும் ஊரெல்லாம் சொன்னாள். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களிடம்கூடச் சொன்னாள்.

நெஸ்டர் கனோலா வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்க்ரூவுக்குப் பின்னால சுவத்துல பிடிக்கக் கட்டை இல்ல" என்றான் கடைசியில். "அடுத்த தடவை வர்றப்ப வைக்கலாம்னு இருந்தேன்."

ஒரிசியா ஏப்ரனை அவிழ்த்து விரலைத் துடைத்தாள். "அக்கா, ஜோலீனை வரச் சொல்லு" என்றாள். அன்றைக்கு அவனோடு அவள் பேசியது அவ்வளவுதான்.

ஜோலீன் கிரேன் வைத்த லாரியோடு வந்தாள். முறிவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டியை வச்ச மகராசன் யாரு?" என்று கேட்டாள். நெஸ்டர் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி, தோள் உயரத்துக்கு. "சரி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பட்டறைக்கு வா. ரிவெட் ஆணியைக் கழட்ட ஆள் வேணும்" என்றாள் அவள்.

நாலு நாள் ஆனது. உடம்பைத் தூக்கி, பழைய சட்டத்தை எறிந்துவிட்டு, புது இரும்பில் முழுசாக அடித்துப் போட்டாள். நெஸ்டர் தினமும் போனான். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்து ரிவெட்டை உளியால் வெட்டிக்கொண்டிருந்தான். ஜோலீன் காலால் அவன் பூட்ஸைத் தட்டி, "அது இல்ல உனக்கு வேண்டிய உளி" என்றாள். நான் அந்த வாக்கியத்துக்காகவே மறுநாளும் போனேன்.

டானியா வந்ததும் ஒரிசியா எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள், கைப்பிடியையும் சேர்த்து. டானியா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. பயணத்தையே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரிசியா விடவில்லை. "என் பேரப் பிள்ளைங்களோட ஏரிக்குப் போறேன்னு சொன்னேன், போறேன்" என்றாள். இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பினார்கள். இழுத்தது என் பிக்கப், ஓட்டியது நான். நெஸ்டர், டானியாவோடு வந்திருந்த மருமகன் காரில் பின்சீட்டில், குழந்தைகளின் இருக்கைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தான்.

கிளியர் லேக்கில் முட்டைக்குள் ஒரிசியாவும் குழந்தைகளும் படுத்தார்கள். நெஸ்டருக்குக் கூடாரம்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து இடத்துக்காரர் ஒருவர் காப்பிக் கோப்பையோடு வந்து, "அடேயப்பா, யாரு செஞ்சது?" என்றார். நெஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உப்புத்தாளில் ஆரம்பித்தான், பெயின்ட்டுக்கு வந்தான், "அப்புறம் அடிச்சட்டத்தையும் மாத்தலாம்னு நாங்க முடிவு பண்ணி..." என்றான்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரிசியாவின் குரல் வந்தது. "சட்டம் ரோட்டுல முறிஞ்சுது. விரிசலை மறைச்சுப் பட்டி வச்சது இவர். மாத்தினது ஜோலீன்."

அந்த மனிதர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் காப்பியைப் பார்த்தார். நெஸ்டரின் கை காது வரைக்கும் போனது. சொறியவில்லை. கீழே இறங்கியது.

"ஆமா" என்றான். "வச்சேன்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு ஆமாவை நான் அதுவரை கேட்டதில்லை. டானியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் துடைக்கத் தோன்றவில்லை. ஒரு சொல்லைச் சொல்ல ஒன்பது வருஷமும் ஒரு முறிந்த சட்டமும் தேவைப்பட்ட ஆளை மெச்சுவதற்கு நான் பாதிரியார் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு வண்டியின் பதிவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள் ஒரிசியா. செப்டம்பரில் ஞாயிறு தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கு நான் இழுக்கக் கற்றுக் கொடுத்தேன். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதுதான் கஷ்டம், எல்லாம் தலைகீழாகத் திரும்பும். முதல் வாரம் வேலியில் இடித்தாள். மூன்றாம் வாரம் கோட்டுக்குள் கொண்டு வந்தாள்.

நெஸ்டரும் கூப்பிடாமலே வருவான். பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீசி, இடது, இடது, இல்லை வலது, நில்லு, வா என்று காட்டிக்கொண்டிருப்பான். ஒரிசியா பக்கக் கண்ணாடியைச் சரி செய்வாள், அவன் கை தெரியாதபடி. பிறகு மெதுவாகப் பின்னுக்கு வருவாள். அவன் விலகிக்கொள்வான்.