ஏன் ரெண்டால பெருக்கணும்?

பத்தாவதில் கணக்கில் மட்டும் ஃபெயிலானவள் நான். அப்புறம் கல்யாணம், பிள்ளை, கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் ஆறாவது சேர்ந்த வருஷம், விட்டுப்போன அந்தப் பரீட்சையை எழுதியே தீருவது என்று திருவள்ளூரில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், என்னை அக்கா என்பார்கள்.

ஒரு வாரம் வர்க்கமூலம் வந்தது. சார் போர்டில் 529 என்று எழுதினார். எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 529 வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தைத் தனியாகவும் இருபத்தொன்பதைத் தனியாகவும் பிரித்தார். ஐந்துக்குள் அடங்கும் பெரிய வர்க்க எண் நாலு, அதன் மூலம் இரண்டு. மேலே 2 போட்டார். மீதி ஒன்று, பக்கத்தில் 29-ஐ இறக்கியதும் 129.

"இப்ப மேல இருக்கிற ரெண்டை ரெண்டால பெருக்கு, நாலு. பக்கத்துல மூணு போடு. நாற்பத்திமூணை மூணால பெருக்கினா 129. விடை இருபத்திமூணு."

"இன்னாத்துக்கு சார் ரெண்டால பெருக்கணும்?" என்றேன்.

"அதான் முறை."

"ஏன் சார் அது முறை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏம்மா, அஞ்சு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணிக்கினு எழுதிட்டுப் போ. இந்த வயசுல உனக்கு ஏன், எதுக்கெல்லாம் வேணாம்," என்றார் சார்.

பேனாவை மூடி வைத்தேன். "புரியாம நான் எழுத மாட்டேன் சார். போன தடவை மனப்பாடம் பண்ணித்தான் ஃபெயிலானேன்."

"அப்போ வராத," என்றார்.

அடுத்த ஞாயிறும் போனேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் போகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கணக்கை எழுதவில்லை.

அந்த வாரம் கம்பெனியில் ஆர்டர் மாறியது. ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிக்கொண்டிருந்த டப்பாக்களை இனி ஆறுக்கு ஆறாக அடுக்க வேண்டும் என்றார்கள். அடுக்கிவைத்ததைக் கலைக்க மனமில்லாமல் வலப்பக்கம் ஒரு வரிசை சேர்த்தேன். சதுரம் நீண்டுபோனது. கீழ்ப்பக்கமும் ஒரு வரிசை சேர்த்தேன். மூலையில் ஒரே ஒரு டப்பாவுக்கு இடம் மிச்சம். அதையும் வைத்ததும் சதுரமானது.

கை அப்படியே நின்றது. சதுரம் பெரிசாக வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் போதாது, இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். அந்த ரெண்டு இங்கேயிருந்துதான் வருகிறது.

"இன்னாக்கா, டப்பாவ முறைச்சிக்கினு நிக்கிற?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. லைன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேட்காமலேயே சாக்பீஸை எடுத்தேன். பக்கத்துக்கு இருபது என்று ஒரு சதுரம் போட்டேன், அது நானூறு. 529-இல் மிச்சம் 129. வலப்பக்கம் மூன்று அகலத்துக்கு ஒரு பட்டை, அறுபது. கீழே அதேபோல் இன்னொரு அறுபது. மூலையில் மும்மூன்று ஒன்பது. ஆக மொத்தம் 129.

சார் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "சரிதான். ஆனா பரீட்சையில படத்துக்கு மார்க் கிடையாது."

"மார்க்குக்கா போட்டேன்?" என்றேன். பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி அதைத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

பாஸானேன், பெரிய மார்க் இல்லை. ரிசல்ட் வந்த அன்று மாமியார் தெருவே கேட்கும்படி சொன்னார்: "அதான் பாஸாயிட்டியே. இனிமே ஞாயித்துக்கிழமையாச்சும் ஊட்டுல இருப்பதானே?"

"இல்லத்த. ப்ளஸ் டூவுக்குப் பணம் கட்டப் போறேன்."

"கட்டு, வாணாங்கல. கணக்கு இல்லாத குரூப்பா பாத்துக் கட்டு."

"கணக்கு இருக்கற குரூப்புதான்," என்றேன்.