மழைக்கு வரும் கை

என் அக்காவின் வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். மீதியைத் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கொண்டுபோனது. அதற்கும் சிரித்தாள். "மோதிர வெரல விட்டுச்சே, அது போதும்!" என்றாள். அவள் அப்படித்தான். ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

மாத்தளை டவுன் மாதா கோயிலில் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெறப் போகிறவள் பீடத்து விளக்கின் எண்ணெயை உள்ளங்கையில் வாங்கிப் பின்சுவரில் அழுத்திவிட்டுப் போவாள். பெற்றுப் பிழைத்ததும் வந்து, சாம்பலும் சீயக்காயும் போட்டு அந்தத் தடத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். மாதாவிடம் விட்டுவைத்த கையைத் திருப்பி வாங்குவது என்பார்கள். அக்கா கை வைத்தாள். திருப்பி வாங்க வரவில்லை. அவள் பெற்ற மகள்தான் வந்தாள், என் மடிக்கு. திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கை மஞ்சளாக மேலே வந்துவிடும். நான் போய் அதனோடு பேசிவிட்டு வருவேன். பூசை நேரத்தில் பேசினால் பழைய பங்குச் சுவாமி முறைப்பார். நல்ல மனுஷன், பலாச்சுளை என்றால் உயிர். அது கிடக்கட்டும்.

பிறகு கோயிலைப் பழுதுபார்க்கிறோம் என்று சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி வெறும் கல்லாக்கிவிட்டார்கள். ஆதியில் அப்படித்தான் இருந்ததாம். "தோலுரிச்ச கோழி மாதிரி நிக்குது" என்று பாதி ஊர், "இப்பதான் கோயிலாட்டம் இருக்கு" என்று மீதி ஊர். எனக்கோ அக்கா கை போயிற்றே என்று ஆத்திரம். அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை.

போன ஐப்பசியில் அக்கா மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அவள் பையில் சாம்பலும் சீயக்காயும். "எங்கம்மா கை இன்னும் இருந்தா நானே எடுத்துவிடுறேன், சின்னம்மா. எத்தன காலந்தான் சுவத்துல நிப்பாங்க?" எனக்கு அந்தக் கை இருந்தாலும் போச்சு, இல்லாவிட்டாலும் போச்சு.

சுவரில் ஒன்றுமில்லை. காய்ந்த கல். கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு வந்து, "கொஞ்சம் உக்காருங்க பாட்டி. மழ வந்தா எல்லாரும் வருவாங்க" என்றார்.

ரிவர்ஸ்டன் மலைப்பக்கமிருந்து பனி இறங்கியது, பின்னாலேயே மழை. உள்ளே சுவர்க் கல் வியர்த்துக் கறுத்தது. எண்ணெய் ஊறிய இடம் மட்டும் நனையவில்லை. கைகள் வெளுத்து வெளுத்து வந்தன, தோளுயரத்தில், இடுப்புயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் திருப்பி வாங்க வராத கைகள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆனாலும் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"இந்தா இருக்காடி உங்கம்மா!" பாதி விரலைக் கண்டதும் சின்னப் பிள்ளைபோல் கைதட்டிவிட்டேன்.

அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது, அந்த ஒரு விரலைத் தவிர. பிறகு சாம்பலை எடுத்தாள். வேண்டாமடி என்று வாய்வரை வந்தது. பெற்றவள் கையை விடுவிக்கப் பிள்ளைக்கில்லாத உரிமையா? அழுதுகொண்டே தேய்த்தாள். அந்த இடமும் மற்றக் கல்லைப்போல் கறுத்துப்போனது.

அடுத்த மழைக்கு நான் தனியாகப் போனேன், வெற்றிடத்தையாவது பார்த்துவிட்டு வரலாமென்று. மற்றக் கைகள் வந்தன. எல்லாருக்கும் கடைசியாக அவளும் வந்தாள், முன்னைவிட வெளுப்பாக.

"எண்ணெ உள்ள எறங்கியிருக்கும் பாட்டி" என்றார் கோயில்பிள்ளை. ஆனால் சுவர்ப்பக்கம் வரவில்லை.

நான் போனேன். கையை வைத்தேன். கல்லெல்லாம் ஜில்லென்றிருக்க, அங்கே மட்டும் சூடு. "போக மனசில்லையாக்கா ஒனக்கு?" என்றேன். என் உள்ளங்கையில் அந்தப் பாதி விரல் கிச்சுக்கிச்சு மூட்டியது.

அவள் அப்படித்தான். மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.